முகவரி வழங்கும் பெட்டி

பத்துக் கணினிகளும் ஒரு பிரிண்டரும் உள்ள சிற்றலுவலகத்தில், ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஐ.பி. முகவரியைக் கையால் எழுதிவைத்து, இரண்டுக்கு ஒரே எண் விழுந்துவிட்டால் பிழை எங்கே என்று தேடித் திரியும் சிரமத்தை நிவர்த்திக்கவே, 1993ஆம் ஆண்டில் டி.எச்.சி.பி. என்னும் விதிமுறை பிரசுரமாயிற்று. புதிதாக இணையும் கணினி, தனக்கென்று முகவரி ஏதும் இல்லாத நிலையில், வலையிலுள்ள எல்லா யந்திரங்களுக்கும் எட்டும்படி விண்ணப்பம் செய்ய, முகவரி வழங்கும் ரூட்டர் ஓர் எண்ணை முன்வைக்க, கணினி அதையே வேண்ட, ரூட்டர் உறுதி கூறுகிறது. முகவரியோடு, பெயர்களை எண்களாக்கும் டி.என்.எஸ். சர்வரின் விலாசமும் சேர்ந்தே வருகிறது. ஆனால் இம்முகவரி சாசுவத தானமன்று, குத்தகையே, தவணையில் பாதி கழிந்ததும் கணினி தானே புதுப்பிக்கக் கேட்கும், சிக்கனமான ஏற்பாடுதான். 169.254 என்று தொடங்கும் எண் தென்பட்டால், பெரும்பாலும் விண்ணப்பத்துக்குப் பதிலளிப்பார் இல்லை என்றே பொருள். பிரிண்டருக்கு மட்டும் ரூட்டரிலேயே நிரந்தர எண்ணை ஒதுக்கிவிடுங்கள். ஒரே வலையில் இரண்டு ரூட்டர்கள் தனித்தனியே முகவரி வழங்க இடங்கொடாதீர்கள்.