இரவல் வீரரும் மூன்று கிளப்புகளும்

2018 ஜூலையில் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோது, அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி, புதுச்சேரிக்காரர்களே ஜெயித்துவிட்டதாக ட்வீட் போட்டுக் கிண்டலுக்கு ஆளானார். பிரெஞ்சுக் கால்பந்தோடு இந்த ஊருக்கு அப்படியொரு ஒட்டுறவு. அந்தக் கால்பந்தில் கோப்பைகள் போலவே வழக்குகளும் உண்டு. விமான விபத்தில் 2019இல் இறந்த வீரர் எமிலியானோ சாலாவுக்கான தொகையைத் தர, அவரை வாங்கிய கார்டிஃப் மறுக்க, விற்ற பிரெஞ்சு கிளப்பான நாந்த் ஆண்டுக்கணக்கில் அலைந்தது.

நம் நாட்டில் இந்த ரகத் தகராறு என்றால் அன்வர் அலிதான். 2019இல் இதயக் கோளாறு தெரியவந்து, ஆட்டமே முடிந்தது என்றிருந்தவரை மறுபடி களமிறக்கியது டெல்லி எஃப்சி. 2023இல் நான்காண்டு லோனில் கல்கத்தாவின் மோகன் பாகானுக்கு அனுப்பியது. மறு ஆண்டே லோனை முறித்துக்கொண்டு அவர் பரம வைரியான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில். ஒத்திக்கு விட்ட வீட்டைக் கெடு முடியுமுன் எதிர்வீட்டுக்காரருக்கே விற்றது போல!

2024 செப்டம்பர் 10இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் குழு தீர்ப்பளித்தது: அன்வருக்கு நான்கு மாதத் தடை, மோகன் பாகானுக்கு 12.90 கோடி ரூபாய் இழப்பீடு, மற்ற இரு கிளப்புகளுக்கும் இரண்டு டிரான்ஸ்ஃபர் பருவங்களுக்குப் புது வீரர்களைப் பதிவுசெய்யத் தடை. மூன்றே நாளில் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த மாதமே அன்வர் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் ஆடினார்.

மோகன் பாகான் மீது எனக்கு முழு அனுதாபம் இல்லை. லோன் ஓராண்டுக்கு மேல் கூடாது என்று ஃபிஃபா 2022இலேயே விதி போட்டுவிட்டது. உள்நாட்டு லோன்களுக்கு மட்டும் மூன்றாண்டு அவகாசம் தந்தது. அந்த இடைவெளியில் நான்காண்டுக்குக் கையெழுத்து வாங்கினால் வம்பு வராமல் இருக்குமா?

தடை விலகினாலும் சந்தை மறக்காது. வீரர்களை வாங்குவது பெரும்பாலும் தவணையில், அதாவது நம்பிக்கையில். ஈஸ்ட் பெங்காலுக்கு இது முதல் சறுக்கலும் அல்ல. கோஸ்டாரிகா வீரர் ஜானி அகோஸ்டாவின் சம்பள பாக்கிக்காக 2021இலேயே ஃபிஃபாவின் தடையை வாங்கிய கிளப் அது. இப்படிப்பட்ட கிளப்பிடம் அடுத்து விற்க வருபவர் வங்கி உத்தரவாதம் கேட்பார், இல்லை முழுத்தொகையையும் முன்கூட்டியே கேட்பார். கெட்ட பெயருக்கான வட்டி அங்கேதான் ஏறுகிறது. கல்கத்தா ரசிகருக்கு அந்தக் கவலை கிடையாது. எதிரியிடமிருந்து ஆளைக் கிளப்பிக்கொண்டு வந்ததே அவருக்குப் பாதி டெர்பி வெற்றி.

பதிவுத் தடையில் இருக்கும் கிளப்புகளின் பட்டியலை ஃபிஃபா இப்போது இணையத்தில் வெளியிடுகிறது. நம்மூர் உப்பளம் மைதானத்தில் பந்து உதைக்கும் பையனுக்கு நாளை ஒரு கிளப் ஒப்பந்தம் நீட்டினால், கையெழுத்துக்கு முன் அவன் அப்பா கைபேசியிலேயே அந்தப் பட்டியலைப் பார்த்துவிடலாம்.