சிஎன்சி மெமரி கார்டு: எப்போ ஃபார்மட் பண்ணணும், எப்போ கை வைக்கக் கூடாது?

சுபாங் ஜெயாவில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். கார் போர்ச்சில் உங்கள் சின்ன சிஎன்சி இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு வாசலில் மாட்ட, பலகையில் ஒரு கோலம் செதுக்குகிறீர்கள். ஒன்றரை மணி நேர வேலை. ஒரு மணி நேரம் ஆன பிறகு இயந்திரம் திடீரென்று அசையாமல் நின்றுவிடுகிறது. கையிலிருக்கும் கண்ட்ரோலரின் திரையில் கார்டைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி. ஆனால் ஸ்பிண்டல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கட்டர் ஒரே இடத்தில் உரச, மரம் கருகும் வாசனை வருகிறது.

முதல்ல பவர் சுவிட்சை அணையுங்கள். கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பிண்டல் ஏன் நிற்கவில்லை?

பொழுதுபோக்காகச் செய்பவர்களிடம் அதிகம் இருப்பது ‘3018’ என்று அழைக்கப்படும் வகை. வேலை செய்யும் பரப்பு சுமார் 30 செ.மீ.க்கு 18 செ.மீ. என்பதால் அந்தப் பெயர். இவற்றின் போர்டில் பெரும்பாலும் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். கார்டைப் படிப்பது அதன் வேலை இல்லை. ஆஃப்லைன் கண்ட்ரோலர்தான் கார்டில் உள்ள ஜி-கோடை வரி வரியாகப் படித்து அதற்கு அனுப்புகிறது.

வரி வருவது நின்றால் இயந்திரமும் நிற்கும். ஆனால் ஸ்பிண்டலை நிறுத்தச் சொல்லும் ‘எம்5’ கட்டளை வழக்கமாகக் கோப்பின் கடைசியில்தான் இருக்கும். அது வந்து சேரவே இல்லையே! அதனால்தான் இந்த இயந்திரங்களை ஓடவிட்டு மாமாக் கடைக்கு டீ குடிக்கப் போகக் கூடாது.

ஃபார்மட் செய்தால் என்ன நடக்கிறது?

கார்டை ஒரு புத்தகமாக நினையுங்கள். எந்தக் கோப்பு எந்தப் பக்கத்தில் என்று சொல்லும் பொருளடக்கம் அதன் முன்பகுதியில் இருக்கிறது. ‘குயிக் ஃபார்மட்’ பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் புதிதாக எழுதுகிறது. உள்ளே பழைய பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். விண்டோசில் அந்த ‘குயிக்’ டிக்கை எடுத்துவிட்டால், கார்டு முழுவதும் சுழியங்கள் எழுதப்படும். அதன் பிறகு பழைய கோப்பை மீட்பது நடக்காத காரியம்.

ஆகவே பொருளடக்கம் குழம்பிப் போயிருந்தால் ஃபார்மட் உதவும். அது குழம்புவது எப்போது? பெரும்பாலும் கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது. கண்ட்ரோலர் அநேகமாகப் படிப்பதோடு சரி. லேப்டாப்பில் ‘எஜெக்ட்’ கொடுக்காமல் அவசரமாகப் பிடுங்குவதும், காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது இடி மின்னலில் வீட்டு மின்சாரம் ‘ட்ரிப்’ ஆவதும்தான் அதிகம் கெடுக்கும். கோப்புப் பெயர்கள் விசித்திரமான குறிகளாகத் தெரிந்தாலோ, கோப்பின் அளவு சுழியம் என்று காட்டினாலோ, ஃபார்மட் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். தேவையானதை முதலில் வேறு இடத்துக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான்.

கேமராவிலோ பழைய கைப்பேசியிலோ இருந்த கார்டை இதற்கு மாற்றும்போதும் ஒருமுறை சுத்தமாக ஃபார்மட் செய்துவிடுவது நல்லது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கு முன்பும் செய்யத் தேவையில்லை. பழைய கோப்பை அழித்துப் புதியதைப் போட்டாலே போதும்.

64 ஜிபி வாங்கினால் வரும் தலைவலி

லோ யாட் பிளாசாவில் கேட்டால் 64, 128 ஜிபி கார்டுகளைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்டி கார்டு தரத்தின்படி 32 ஜிபி வரையுள்ளவை பெரும்பாலும் ஃபேட்32 அமைப்பில் வரும். அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட்டில் வரும். மலிவான கண்ட்ரோலர்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் புரியாது. கார்டே இல்லை என்று சொல்லிவிடும். கார்டு நல்ல கார்டுதான், பேசும் மொழிதான் வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோசில் வழக்கமான ஃபார்மட் பெட்டியைத் திறந்தால், 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கு ஃபேட்32 என்ற தேர்வே பல காலமாக வருவதில்லை. எஸ்டி அசோசியேஷனின் இலவச ஃபார்மட்டர் நல்ல கருவிதான், ஆனால் அதுவும் தரத்தைப் பின்பற்றி 64 ஜிபியை எக்ஸ்ஃபேட்டாகவே ஆக்கும். கார்டில் 32 ஜிபிக்குக் குறைவாக ஒரு பார்ட்டிஷன் பிரித்து அதை ஃபேட்32 ஆக்கலாம். என்னைக் கேட்டால், 8 அல்லது 16 ஜிபி கார்டு ஒன்றைத் தேடி வாங்குவதே நிம்மதி. ஒரு கோலத்துக்கான ஜி-கோட் பெரும்பாலும் சில எம்பிதான். 128 ஜிபியை வைத்து என்ன செய்யப் போகிறோம்?

எப்போது கை வைக்கக் கூடாது?

வேலை பாதியில் நின்ற அந்த நிமிடத்தில் ஃபார்மட் செய்யாதீர்கள். அந்தக் கார்டுதான் உங்களிடம் இருக்கும் ஒரே தடயம். அதிலுள்ள கோப்பை லேப்டாப்பில் திறந்து, கடைசி வரி வரை இருக்கிறதா, முடிவில் ‘எம்5’ இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் அறுந்திருந்தால் காப்பி செய்ததில்தான் கோளாறு.

கோப்பு முழுதாக இருந்தால், ஸ்பிண்டலை அணைத்து, கட்டரை மரத்துக்கு மேலே உயர்த்தி, காற்றிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கோப்பையோ கார்டையோ சந்தேகப்படலாம். காற்றில் முழுதாக ஓடிவிட்டு, ஸ்பிண்டல் சுற்றும்போது மட்டும் வெவ்வேறு இடங்களில் நின்றால், கார்டின் மேல் பழி போடாதீர்கள். மோட்டாரிலிருந்து வரும் மின் இரைச்சல், தளர்ந்த வயர், கார்டு நுழையும் இடத்தில் அடைந்த மரத்தூள் என்று காரணம் வேறாக இருக்கும். நூறு முறை ஃபார்மட் செய்தாலும் அது தீராது.

போலி கார்டும் அப்படித்தான். 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே அதில் ஒரு பங்குதான் இருக்கும். ஃபார்மட் செய்தால் மறுபடியும் 64 என்றே பொய் சொல்லும். விண்டோசில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்சிலும் எஃப்3 போன்ற இலவசக் கருவிகள் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மையைக் காட்டிவிடும். ஃபார்மட் செய்த சில நாளிலேயே அதே கோளாறு திரும்பினால் அந்தக் கார்டை விட்டுவிடுங்கள். சில வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், நல்ல தேக்குப் பலகை வீணாகும்.

ஒரு விஷயம் நம்ம ஆட்களுக்கு மட்டும். கோப்புக்கு ஆசையாக ‘கோலம்’ என்று தமிழிலேயே பெயர் வைத்திருப்பீர்கள். பல கண்ட்ரோலர்கள் எட்டு ஆங்கில எழுத்துகளுக்குள் அடங்கும் பெயரை மட்டுமே சரியாகப் படிக்கும். தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கோப்பு திறக்காது. அதற்கு ஃபார்மட் எதற்கு? பெயரை மாற்றுங்கள், ஓடும்.