முளைப்புத்திறன் சோதனை
சேமித்து வைத்த பழைய விதைகளில் எத்தனை முளைக்கும் என்பதை விதைப்புக்கு முன்பே கண்டறியும் முறை முளைப்புத்திறன் சோதனை எனப்படும். காஞ்சிபுரத்தில் உள்ளது போன்ற விதைப் பரிசோதனை நிலையங்களில் இதற்கு 400 விதைகள் எடுக்கப்படுகின்றன; வீட்டில் 20 போதும். அவற்றை ஈரத்துணியில் இடைவெளிவிட்டுப் பரப்பிச் சுருட்டி, காயாமல் நிழலில் வைக்க வேண்டும். தண்ணீர் சொட்டும்படி நனைத்தால் நல்ல விதையும் அழுகிவிடும்.

கத்தரி, தக்காளிக்கு 14 நாள்களும் வெண்டைக்கு 21 நாள்களும் பொறுக்க வேண்டும். ஐந்தாம் நாளே நம்பிக்கையிழந்து கத்தரி விதையைக் குப்பையில் கொட்டுவோரும் உண்டு. வேரும் தண்டும் ஒழுங்காக வந்த முளைகளை மட்டுமே எண்ண வேண்டும். 20 கத்தரி விதைகளில் 14 முளைத்தால் 70 விழுக்காடு. இந்தியாவில் சான்று விதைக்கான குறைந்தபட்ச அளவும் அதுவே. 7 மட்டும் முளைத்தால் நாற்றங்காலில் இருமடங்கு விதை தேவைப்படும். ஆடிப்பட்டத்துக்கு ஒரு மாதம் முன்னரே சோதித்தால், வேறு விதை தேட அவகாசம் இருக்கும்.