கோடையிலும் காயாத சேற்றுக் காடு

லிங்கராஜபுரத்தில் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "காவிரியிலிருந்து" என்று பெரியவர்கள் சொல்வார்கள். காவிரிக்கு அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் சொல்வோர் குறைவு.

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில் தொரேகாடனஹள்ளி என்ற ஊர் இருக்கிறது. அங்கு சுத்தம் செய்யப்படும் காவிரி நீரை, இடையிடையே பம்பு நிலையங்கள் வைத்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றித்தான் இந்த நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். முதல் கட்டத் திட்டம் 1974-ல் வந்தது. ஐந்தாவது கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது.

அந்த நீரை எடுக்கும் இடத்துக்கு மேலே, திருமகூடலு நரசிப்புரத்தில், காவிரியோடு வந்து கலக்கிறது கபினி ஆறு. கபினியின் வடகரையில் இருப்பது நாகரஹொளே காடு. மைசூர், குடகு ஆகிய இரு மாவட்டங்களிலும் 643 சதுர கிலோ மீட்டருக்குப் பரந்து கிடக்கிறது.

இரண்டு நாள் லீவு கிடைத்தால் போய்வரக்கூடிய தூரம்தான். புலியையும் யானையையும் பார்க்க வேண்டும் என்றே பெரும்பாலோர் போகிறார்கள். புலி தென்படாவிட்டால் பணம் வீணாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஆனால் அந்தக் காட்டில் முதலில் பார்க்க வேண்டியது புலியும் அல்ல, யானையும் அல்ல, சேறு!

பாம்பாக ஓடும் ஓடை

கன்னடத்தில் 'நாகர' என்றால் பாம்பு. 'ஹொளே' என்றால் ஆறு, ஓடை. பாம்பு போல வளைந்து ஓடும் ஓடையின் பெயரே காட்டுக்கும் வந்தது. குடகு, மைசூர் மன்னர்கள் வேட்டையாடிய காடு இது. 1955-ல் வனவிலங்கு சரணாலயம் ஆயிற்று. பிறகு பரப்பு கூட்டப்பட்டு, 1988-ல் தேசியப் பூங்கா ஆனது. 1999-ல் புலிகள் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. ராஜீவ் காந்தி பெயரும் இதற்குச் சூட்டப்பட்டது.

ஆற்றுக்குத் தெற்கே பந்திப்பூர் காடு. அதை ஒட்டி நம் முதுமலை. மேற்கே கேரளத்தின் வயநாடு. யானைக்கு மாநில எல்லை தெரியாது. நான்கு காடுகளும் அதற்கு ஒரே வீடுதான்.

'ஹட்லு' என்பது என்ன?

நாகரஹொளேயில் மேடும் பள்ளமுமாக நிலம் அலைபோல் போகிறது. மேட்டில் தேக்கு, ஈட்டி, வேங்கை, கருமருது, வெண்தேக்கு என்று உயர்ந்த மரங்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மரமே இருக்காது. பச்சைப் பசேல் என்று புல்வெளி தெரியும். நல்ல தரை என்று கால் வைத்தால் சேற்றில் புதையும். இந்தச் சதுப்புப் பள்ளங்களைத்தான் கன்னடத்தில் 'ஹட்லு' என்கிறார்கள். மலையாளத்தார் இதையே 'வயல்' என்பார்கள். வயநாடு என்ற பெயரே 'வயல் நாடு' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு.

ஊரில் நம் வீட்டுத் தாழ்ந்த வயலை நினைத்துக்கொண்டால் போதும். மேட்டில் பெய்த மழை அங்கேதானே வந்து நிற்கும்? இங்கும் அப்படித்தான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடிக்கிறது. மரத்தின் இலையும், தரையில் கிடக்கும் சருகும் மழையின் வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றன. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, மெல்லக் கசிந்து, பள்ளத்துக்கு வருகிறது. பள்ளத்தில் களிமண். நீர் சட்டென்று கீழே இறங்குவதில்லை. அங்கேயே ஊறி நிற்கிறது. வேர் அழுகிவிடும் என்பதால் பெரிய மரங்கள் அங்கே வளர்வதில்லை. புல்லுக்கும் கோரைக்கும் கொண்டாட்டம்.

மழை நின்ற பிறகும் இந்தச் சேறு தன்னிடம் உள்ளதைச் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுகிறது. சம்பளம் வந்த அன்றே செலவழிக்காமல் மாதக் கடைசி வரைக்கும் எடுத்து எடுத்துக் கொடுக்கும் வீட்டுக்காரி மாதிரி.

கபினியில் பெருகி வரும் வெள்ளம் பெரும்பாலும் வயநாட்டு மலையில் பெய்யும் மழைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெள்ளம் வேறு, ஊற்று வேறு. மழைக்காலத்தில் எந்த ஆற்றிலும் தண்ணீர் வரும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஓடையில் ஈரம் இருக்க வேண்டுமானால், மேலே ஒரு காடும் அதன் மடியில் சேறும் இருக்க வேண்டும். கபினி மட்டும் அல்ல, இதே காட்டு வழியாக வரும் லட்சுமண தீர்த்தமும் கிருஷ்ணராஜ சாகரத்தில் போய்க் காவிரியில்தான் கலக்கிறது.

கோடையில் ஒரு பந்தி

மார்ச் மாதத்தில் காட்டைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். மூங்கில் காய்ந்து கிடக்கும். காட்டுத் தீ எப்போது பிடிக்குமோ என்று காவலர்கள் தூங்காமல் இருப்பார்கள். அப்போதும் பச்சை மாறாமல் இருப்பவை இந்த ஹட்லுகள்தான்.

பசித்த பிராணிகள் எல்லாம் அங்கே பந்திக்கு வருகின்றன. புள்ளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் கடமான் வருகிறது. நம்மவர்கள் காட்டெருமை என்று சொல்லும் காட்டுமாடு, நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல், அசைந்து அசைந்து வருகிறது. காட்டுப்பன்றி சேற்றைக் கிளறிக் கிழங்கு தோண்டுகிறது. யானை புல்லைப் பிடுங்கி, மண் போகக் காலில் தட்டிவிட்டுத் தின்கிறது.

பந்தி நடக்கும் இடத்தில் புலிக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. ஹட்லுவின் ஓரத்தில், புதர் மறைவில், அது பொறுமையாகப் படுத்திருக்கும். மரத்தின் மேலே இருக்கும் மந்திக்குரங்கு அதைக் கண்டுவிட்டால் குரல் கொடுக்கும். உடனே மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தச் சத்தத்தைக் கேட்கத் தெரிந்தவர்களுக்குப் புலி தென்படாவிட்டாலும் அது வந்துபோனது தெரிந்துவிடும்.

புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்றும் ஒரே காட்டில் பிழைப்பது எளிதல்ல. இரை நிறைய இருந்தால்தான் முடியும். இரை இருக்கப் புல் வேண்டும். புல் இருக்கச் சேறு வேண்டும். 2022-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாகரஹொளே காப்பகத்தில் 141 புலிகள் என்று கணக்கிடப்பட்டது. தேசத்திலேயே புலிகள் மிகுந்த காப்பகங்களில் இதுவும் ஒன்று.

பறவை பார்க்கிறவர்களுக்கும் இது விருந்து. 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே உண்டு. சேற்று ஓரத்தில் நாரையும் கொக்கும், உயரமான மரத்தில் இருவாச்சி, ஓடையில் மீன்கொத்தி, ஆற்றில் நீர்நாயும் முதலையும். மழைக்காலத்து இரவில் தவளைகள் போடும் சத்தத்துக்கு அளவே கிடையாது.

யானை பிடித்த காலம்

கபினிக் கரையில் காக்கனகோட்டை என்ற பகுதி உண்டு. காட்டு யானைகளைக் கூட்டமாக விரட்டிவந்து பிடிக்கும் 'கெட்டா' என்ற முறைக்கு உலகப் புகழ் பெற்ற இடம் அது. மைசூர் மகாராஜாவின் விருந்தாளிகளாக வந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் மேடை போட்டு அதை வேடிக்கை பார்த்தார்கள். கடைசிக் கெட்டா 1971-ல் நடந்தது. 1974-ல் பீச்சனஹள்ளியில் கபினி அணை எழுந்தது. கிராமங்களும் காட்டின் ஒரு பகுதியும் நீருக்குள் போயின.

1937-ல் வெளிவந்த 'யானைப் பையன்' என்ற ஆங்கிலப் படத்தில் நடித்து ஹாலிவுட் வரை போன சாபு, இந்தக் கரையில் உள்ள காராப்புராவில் ஒரு மாவுத்தருக்குப் பிறந்தவர்தான்.

அணைக்குப் பின்னால் இன்னொரு அதிசயம் நடந்தது. கோடையில் அணை நீர் இறங்கும்போது, வெளியே தெரியும் ஈர மண்ணில் புது புல் முளைக்கிறது. அதைத் தின்ன நூற்றுக்கணக்கில் யானைகள் வந்து கூடுகின்றன. அன்று யானையைப் பிடித்த அதே கரையில் இன்று யானைக் கூட்டம் பயமில்லாமல் மேய்கிறது.

காத்தவர்களும் வெளியேறியவர்களும்

இந்தக் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் ஹட்லுகளில் நெல் பயிரிட்டார்கள். மாடு மேய்த்தார்கள். மரம் வெட்டினார்கள். துப்பாக்கி வேட்டையும் நடந்தது. 1967-ல் வனத்துறையில் சேர்ந்த குடகுக்காரர் கே.எம்.சின்னப்பா, இங்கே ரேஞ்சராக இருந்து ஆக்கிரமிப்புகளை அகற்றினார், வேட்டைக்காரர்களை விரட்டினார். அதனால் பகையும் தேடிக்கொண்டார். 1993-ல் வேலையை விட்டபின்பும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 2024-ல் காலமானார்.

கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன் உல்லாஸ் காரந்த், புலிகளை ஆராய்ந்ததும் இங்கேதான். மனிதனுக்கு ரேகை எப்படியோ அப்படிப் புலிக்கு வரி. ஒன்றின் வரி மற்றொன்றுக்கு வராது. தானியங்கிக் காமிராவில் படம் பிடித்து, வரியை ஒப்பிட்டு, புலியை எண்ணும் முறையை அவர் இங்கே வளர்த்தார்.

ஆனால் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜேனு குறுபர், பெட்ட குறுபர், எரவர் ஆகிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டுக்குள் வாழ்ந்தவர்கள். 'ஜேனு' என்றால் தேன். தேன் எடுத்தும், கிழங்கு தோண்டியும், யானை பழக்கியும் பிழைத்தவர்கள். காட்டைக் காப்பதற்காக என்று அவர்களில் பல குடும்பங்கள் வெளியே குடியேற்றப்பட்டன. காட்டுக்குள் ஆடம்பர ஓட்டல் கட்ட நிலம் தரப்பட்டபோது அதை எதிர்த்து எழுந்தவர்களும் இவர்களே. 1997-ல் கர்நாடக ஐகோர்ட்டு அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்தில் சில ஜேனு குறுபர் குடும்பங்கள், 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைச் சொல்லி, தங்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து குடிசை போட்டன.

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு அவர்கள் மனம் புரியாமல் போகாது. நாமாவது பஸ் ஏறி வந்தோம். பொங்கலுக்குப் போனால் நம் ஊர் இருக்கிறது. காடும் பிழைக்க வேண்டும், காட்டில் பிறந்தவர்களும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் வழி காண்பதுதான் அரசாங்கத்தின் வேலை.

சேற்றுக்கு வேறு எதிரிகளும் உண்டு. உண்ணிச்செடி அவற்றில் முக்கியமானது. வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்த இந்தப் பூச்செடி இன்று காடெங்கும் புதராக மண்டியிருக்கிறது. மான் அதைத் தின்னாது. அதன் அடியில் புல்லும் முளைக்காது.

ஏரியின் மேல் பஸ் நிலையம்

சேறு என்றால் நகரத்தில் நமக்கு அருவருப்பு. மண் கொட்டி மூடினால் மனை ஆகும் என்றுதான் நினைப்பு. நாம் தினமும் பஸ் மாறும் மெஜஸ்டிக் நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. இப்படி ஏரிகளை மூடிய ஊரில் 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டன. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம்.

காவிரி என்றாலே இரண்டு மாநிலத்துக்கும் தகராறு என்றுதான் பத்திரிகையில் படிக்கிறோம். 1991-ல் அந்தத் தகராறு இந்த ஊர்த் தமிழர்களை எப்படி வாட்டியது என்பதைப் பெரியவர்கள் மறக்கவில்லை. பங்கு எத்தனை டி.எம்.சி. என்று கோர்ட்டு சொல்லும். ஆனால் பங்கு போட ஆற்றில் தண்ணீர் இருந்தாக வேண்டுமே! லிங்கராஜபுரத்துக் குழாய்க்கும் தஞ்சாவூர் வயலுக்கும் ஒரே காவிரிதான். அதன் மடியில் ஊறும் சேறு காய்ந்தால் இருவருக்கும் நஷ்டம்.

போவது எப்படி?

லிங்கராஜபுரத்தில் இருந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம். அங்கே நிற்கும் மைசூர் ரெயிலில் ஏறலாம். பஸ்ஸில் போகிறவர்கள் மைசூர் ரோடு சாட்டிலைட் நிலையத்துக்குப் போக வேண்டும். மைசூரில் இருந்து இரண்டு வழி. ஹுன்சூர் போய் வீரனஹொசஹள்ளி வழியாகக் காட்டுக்குள் நுழையலாம். எச்.டி.கோட்டை, அந்தரசந்தை வழியாகக் கபினிப் பக்கமும் போகலாம்.

ஜீப்பில் சுற்றிக்காட்டும் சஃபாரிக்குக் கட்டணம் அதிகம். புலி தாக்கி ஆட்கள் இறந்ததை அடுத்து, 2025 நவம்பரில் அது நிறுத்தியும் வைக்கப்பட்டது. எனவே வனத்துறையிடம் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கும் வழி உண்டு. மைசூரிலிருந்து மானந்தவாடிக்குச் செல்லும் சாதாரண பஸ் இந்தக் காட்டின் நடுவேதான் போகிறது. மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை சாலை மூடப்பட்டிருக்கும்; பகலில்தான் பயணம். வழியில் வரும் பள்ளே யானை முகாமில்தான், தசராவில் 750 கிலோ தங்க அம்பாரியைப் பல ஆண்டுகள் சுமந்த அர்ஜுனன் வாழ்ந்தது. 2023 டிசம்பரில் சக்லேஷ்புரம் பக்கம் காட்டு யானையோடு மோதி அது உயிர் விட்டது.

ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்காருங்கள். வழியில் இறங்க வேண்டாம். சாப்பிட்ட பொட்டலத்தையும் பாலிதீன் பையையும் வெளியே எறிய வேண்டாம். குரங்குக்குப் பழம் போட வேண்டாம். மேட்டுக் காடு காய்ந்து நிற்கையில் பள்ளத்தில் ஒரு பச்சைத் திட்டு தெரிந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதில் மான் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் அது நம் குடத்துக்கு வரும் தண்ணீரின் பிறந்த வீடுகளில் ஒன்று என்று சொல்லிக்கொடுங்கள்.