கட்டைகளால் ஒரு மாணிக்க மாலை

குமரி மாவட்டம் தோவாளையின் மாணிக்க மாலை 2025-ல் புவிசார் குறியீடு பெற்றது. அரளிப் பூக்களையும் நொச்சி இலைகளையும் மடித்து வரிசையாக அடுக்குவதால், கல் பதித்ததுபோல் மின்னும். மொசைக் கலையும் இப்படித்தான்: சிறு துண்டுகள் சேர்ந்து பெரிய வடிவமாகின்றன. ஸ்பெயினின் அல்ஹம்ரா சுவர்களில் ஓடுகளால் செய்ததை நம் பிள்ளைகள் லெகோ கட்டைகளால் செய்யலாம்.

கட்டம் போட்ட தாளில் முதலில் வண்ணம் தீட்டச் சொல்வோம். ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டை. 48-க்கு 48 தட்டுக்கு 2,304 கட்டைகள் தேவை, செலவு கூடும். 16-க்கு 16 தட்டுக்கு 256 போதும். கால்பகுதியை வரைந்தால் மீதி மூன்றும் அதன் பிரதிபலிப்பே.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்போம், விழுங்கினால் மூச்சடைக்கும். மற்றபடி, விடுமுறையில் கைபேசியைக் கீழே வைக்க இது நல்ல வழி.