மார்பகப் புற்றுநோய் மாத்திரையோடு மூலிகைச் சூரணமா? பெண்களே, டாக்டரிடம் மறைக்காதீர்கள்!

சென்னை,—

"பச்சிலை மருந்துதானே, அது என்ன பண்ணிடப் போகுது?"

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே போனாலும் காதில் விழும் பேச்சு இது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு, பக்கத்து வீட்டு அக்கா ஒரு சூரணம் சொல்வார். மாமியார் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பார். செல்போனில் ஒரு வீடியோ வரும். மகன் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுவான்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியாது! "சொன்னா திட்டுவாரு" என்ற பயம்தான் காரணம். இந்தப் பயம் உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

சித்து கிளப்பிய பரபரப்பு

2024 நவம்பரில், முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து பத்திரிகையாளர்களிடம் ஒரு செய்தி சொன்னார். தன் மனைவிக்கு வந்த 4-வது கட்ட மார்பகப் புற்றுநோய், மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை சேர்த்த உணவுக் கட்டுப்பாட்டால் 40 நாளில் அடங்கியது என்றார். நாடு முழுவதும் பரபரப்பு!

மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியின் இன்றைய, முன்னாள் புற்றுநோய் டாக்டர்கள் 262 பேர் உடனே அறிக்கை விட்டனர். "இதற்கு ஆதாரம் இல்லை. இதை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்" என்பது அதன் சாரம். சித்துவின் மனைவிக்கு ஆபரேஷனும் கீமோதெரபி சிகிச்சையும் நடந்திருந்தன. டாக்டர்களைக் கலந்துதான் அந்த உணவு முறை என்று சித்துவும் பிறகு விளக்கம் சொன்னார்.

மஞ்சள் மாத்திரை செய்த வேலை

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த பெண்கள் பலருக்கு 'டாமாக்சிபென்' மாத்திரை தருவார்கள். 5 வருடம், சிலருக்கு 10 வருடம் சாப்பிட வேண்டும். ஈரல்தான் இதை 'எண்டாக்சிபென்' என்ற சரக்காக மாற்றுகிறது. நோய் திரும்பாமல் காவல் காப்பது அதுதான்.

நெதர்லாந்து நாட்டு டாக்டர்கள் 2019-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு, மஞ்சளில் இருந்து எடுத்த குர்குமினைத் தினமும் 3 கிராமுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் எண்டாக்சிபென் குறைந்தது! மிளகுச் சத்தும் சேர்த்தபோது குறைவு சுமார் 12 சதவீதம். ஏற்கனவே மருந்து அளவு குறைவாக இருப்பவர்களுக்கு இது ஆபத்து.

அப்படியானால் மீன் குழம்புக்கு மஞ்சள் போடக் கூடாதா? தாராளமாகப் போடலாம். சமையல் மஞ்சள் வேறு, சத்தைப் பிழிந்து அடைத்த மாத்திரை வேறு.

பூண்டு மாத்திரையும் பாதரசமும்

பூண்டு மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஆபரேஷன் மேஜையில் படுத்தால் ரத்தம் கூடுதலாகக் கசியலாம். பாதரசம் சேர்ந்த மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும். கீமோ ஊசியும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பாரம்தான். காரணம் தெரியாவிட்டால் ஊசியைத் தள்ளிப் போடும்படி ஆகிவிடும்.

மூலிகை என்றாலே விரோதி என்று சொல்லவில்லை. நம்ம ஊர் நித்திய கல்யாணிச் செடியில் இருந்துதான் 'வின்பிளாஸ்டின்', 'வின்கிரிஸ்டின்' என்ற புற்றுநோய் மருந்துகளையே எடுத்தார்கள். ஆனால் அதைச் சுத்தம் செய்து, எடை பார்த்து ஊசியாகப் போடுகிறார்கள். இலையை அரைத்துக் குடித்தால் அது விஷம்!

என்ன செய்யணும்?

ஸ்டான்லியோ, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் சூரண டப்பா, மாத்திரை அட்டை, கஷாயப் பொட்டலம் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். "இதையும் சாப்பிடறேன் டாக்டர்" என்று மேஜையில் வையுங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால், தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கேயும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள்.

புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம். "கேரண்டி" என்று யாராவது சொன்னால், பர்ஸை மூடிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

டாக்டர் திட்டினால் திட்டட்டும். திட்டு ஐந்து நிமிஷம். மாத்திரை காப்பது உயிரை!