கல்லூரியின் முதற் பருவம்



பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியிற் சேர்ந்த மாணவர் பலர், முதற் பருவத் தேர்வின் முடிவைக் கண்டு திகைத்து நிற்பது ஆண்டுதோறும் நிகழ்கின்றது. இவர்கள் அறிவு குன்றியவர் அல்லர். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துப் படித்தவர்களே. ஆயினும் சில திங்களுக்குள் ஏதோ ஒன்று அவர்கள் கையை விட்டு நழுவி விடுகின்றது. வீட்டார் சேர்க்கை சரியில்லை என்பர். ஆசிரியர் கவனம் போதவில்லை என்பர். மாணவரோ பாடம் கடினம் என்பார். மூன்றிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால், இவற்றினும் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நான் எண்ணுகின்றேன்.

பள்ளியில் மாணவருடைய நேரத்தைப் பிறர் ஆளுகின்றனர். காலை முதல் மாலை வரை மணியடித்தபடி வகுப்பு, அதன்மேல் சிறப்பு வகுப்பு, வாரந்தோறும் தேர்வு, வீட்டுப்பாடம் எழுதாவிடில் கேட்க ஓர் ஆசிரியர், விளக்கை அணைத்தால் ஏனென்று கேட்கத் தாய். இந்த ஏற்பாடு முழுவதையும் மாணவர் தம்முடைய உழைப்பென்றே கருதியிருப்பார். கல்லூரி வாயிலில் அது சொல்லாமற் கொள்ளாமல் நீங்கிவிடுகின்றது. அப்போதுதான் எத்துணைப் பங்கு தம்முடையது, எத்துணைப் பங்கு பிறருடையது என்பது வெளிப்படுகின்றது.

கணக்கிட்டே பார்ப்போம். வாரத்திற்கு மணிகள் 168. நாளொன்றுக்கு எட்டு மணி உறங்கினால் 56 கழியும். நம் கலை அறிவியல் கல்லூரிகளிற் பெரும்பாலானவற்றில் வாரத்திற்கு 30 வகுப்பு மணிகள். உண்ண, குளிக்க, போய்வர நாளுக்கு நான்கு மணி என வைத்தால் 28. ஆக, எஞ்சுவன 54 மணிகள். வகுப்பில் இருக்கும் நேரத்தைக் காட்டிலும் வகுப்புக்கு வெளியே கிடக்கும் நேரம் ஏறத்தாழ இரு மடங்கு! இந்த 54 மணிக்கு அட்டவணை போட்டுத் தருவார் எவரும் இலர். தாமே போட்டுக் கொள்ளாதவனுக்கு விடுதி நண்பர்களும் கைப்பேசியும் போட்டுத் தருவர்.

பருவம் ஒன்றுக்கு 90 பயிற்று நாட்கள் என்பது பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த அளவு. தொடக்கத்தில் அது நீண்ட காலமாகத் தோன்றும். சேர்க்கை, வரவேற்பு, புதுமுகங்கள் என்று முதல் இருபது நாள் செல்லும். பின்னர் அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று வந்து போகும். அதன் மதிப்பெண் இறுதிக் கணக்கிற் சேரும் என்பதைப் பலர் பின்னரே உணர்கின்றனர். தேறாத பாடம் அடுத்த பருவத்தின் மீது ஏறிக்கொள்கின்றது. 'அரியர்' என மாணவர் வழங்கும் இது, கடன் போன்றே வட்டியுடன் வளர்வது. இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால், புதுப் பாடத்திற்குரிய நேரத்தைப் பழைய பாடம் தின்னத் தொடங்கும். படிப்பையே விட்டுவிடலாமா என்ற எண்ணமும் தலைகாட்டும்.

யாருக்கு இதனால் இழப்பு மிகுதி என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பெற்றது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. குடும்பத்தில் முதன் முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள் இவர்களுட் பலர். பேராசிரியர் மகனுக்குப் பருவம் என்றால் என்ன, அகமதிப்பெண் என்றால் என்ன என்று உணவு வேளையிலேயே தெரிந்துவிடும். நெசவாளர் மகளுக்கோ அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. தடுமாறினால் முன்னவனுக்கு ஓராண்டு வீணாகும். பின்னவளுக்குப் படிப்பே நின்றுபோகும். அதனாற்றான் தன்னொழுக்கம் என்பதை அறிவுரைப் பொருளாகக் கருதாமல், கற்றுக் கொடுக்க வேண்டிய கைத்தொழிலாகக் கருத வேண்டும் என்கின்றேன்.

இவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் தடை மொழி. தமிழ்வழியிற் படித்துப் பௌதிகத்தையும் வேதியியலையும் நன்கு விளங்கிக் கொண்ட மாணவர், ஆங்கில விரிவுரை கேட்கும் அறையிற் புகுந்தவுடன் ஊமையாகிவிடுகின்றார். தெரிந்த பொருளே தெரியாத பெயரில் வந்து நிற்கின்றது. முடுக்கம் இன்னதென அறிந்தவர் அதன் ஆங்கிலப் பெயரைக் கேட்டு விழிக்கின்றார். அந்தச் சொல்லைப் பற்றி அவர் எண்ணிக் கொண்டிருக்கும் போதே விரிவுரை மூன்று வாக்கியம் கடந்து விடுகின்றது. பின்னர், நமக்கு அறிவு போதாது என்ற தவறான முடிவுக்கு வருகின்றார். வினா எழுப்ப அஞ்சுகின்றார். கடைசி வரிசையில் அமர்கின்றார்.

இதற்கு மருந்து, வகுப்புக்கு முன் செலவிடும் அரைமணி நேரம். மறுநாள் நடக்கவிருக்கும் பகுதியைப் பாடநூலில் ஒருமுறை புரட்டி, அதில் வரும் கலைச்சொற்களை மட்டும் எழுதி, எதிரே தமிழ்ச் சொல்லையும் பொருளையும் குறித்துக் கொண்டாற் போதும். முழுதும் விளங்க வேண்டியதில்லை. மறுநாள் அச்சொற்கள் காதில் விழும்போது அவை அறிமுகமானவர்களாக இருக்கும். பொருளைத் தமிழிலேயே முதலிற் படித்துத் தெளிந்து, பின் ஆங்கில நூலுக்குச் செல்வதும் நன்று. 1954 முதல் 1968 வரை பெ. தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் பல நூலகங்களில் இன்றும் இருக்கின்றது. அதிற் செய்திகள் பழையனவாயினும், அடிப்படைக் கருத்துக்களைத் தமிழிற் சொல்லும் அழகுக்காகவே அதைப் புரட்டலாம். தமிழிற் சிந்திப்பதைத் தாழ்வாக எண்ணும் மாணவர், உள்ள காலை ஒதுக்கிவிட்டு ஊன்றுகோலை மட்டும் கொண்டு நடக்க முயல்கின்றார்.

அடுத்தது நினைவு. எர்மான் எபிங்காசு என்னும் செருமானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கின்றோம் என்பதைத் தம்மிடமே ஆய்ந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்றதற்குச் செலவிட்ட உழைப்பிற் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே பயனற்றுப் போயிற்று. ஒரு நாள் கழிந்தபோது ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு போயிற்று. அதன் பின்னர் மறதி மெல்ல மெல்லவே வளர்ந்தது. பொருளுள்ள பாடம் இத்துணை விரைவில் மறவாது என்பது உண்மையே. ஆயினும் மறதியின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நிகழ்ந்து விடுகின்றது என்னும் செய்தி மாணவருக்கு மிகவும் வேண்டியது. தேர்வுக்கு முந்திய வாரத்திற் பத்து மணி நேரம் படிப்பதைக் காட்டிலும், பாடம் நடந்த அன்று மாலையே இருபது நிமிடம் அதை மீட்டுப் பார்ப்பது மேல் என்பது இதிலிருந்து பெறப்படும்.

மீட்டுப் பார்ப்பது எப்படி? குறிப்பேட்டைத் திறந்து, வண்ண மையால் அடிக்கோடிட்டு, மறுபடியும் மறுபடியும் வாசிப்பதே நம் மாணவர் வழக்கம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வழக்கத்தை ஐயுற வைக்கின்றது. மாணவர்கள் ஓர் உரைப்பகுதியைப் படித்தனர். ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தனர்; மற்றவர் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலை தலைகீழாயிற்று. எழுதிப் பார்த்தவர்கள் நூற்றுக்கு 56 பங்கு நினைவு கூர, திரும்பப் படித்தவர்கள் 42 பங்கே கூறினர். மீண்டும் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போன்ற மயக்கம் உண்டாகின்றது. ஏட்டை மூடி வெள்ளைத்தாளில் எழுதும்போது தெரியாதது எது என்பது கூச்சத்துடன் வெளிப்படுகின்றது. அந்தக் கூச்சத்துக்கு அஞ்சித்தான் பலர் ஏட்டை மூடுவதே இல்லை.

இங்கே சில இளைஞர் இராமானுசன் பெயரைச் சொல்வது உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையுடன் சேர்ந்த அக்கணித மேதை, பிற பாடங்களைக் கைவிட்டதால் தேர்வில் தவறி உதவித்தொகையை இழந்தார்; பின்னர்ச் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் தேறவில்லை. ஆகவே தேர்வில் தவறுவது மேதைக்கு அடையாளம் என்று நம் இளைஞர் வாதிப்பர்! அவர் தவறியதற்கு அக்காலக் கல்வி முறையின் இறுக்கமும் காரணம் என்பதை நானும் ஒப்புவேன். ஆனால், கல்லூரியை விட்டு நீங்கிய பின்னும் வறுமையிலும் நோயிலும் நாள்தோறும் கணக்கெழுதி ஏடுகளை நிரப்பினாரே, அந்த நிறைந்த ஏடுகளையும் சான்றாகக் காட்டுவாரை நான் காணவில்லை.

உறுதி பூண்டால் எல்லாம் நடக்கும் என்பதும் முழு உண்மையன்று. நாளை முதல் நன்றாகப் படிப்பேன் என்னும் உறுதியில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. செருமானிய உளவியலார் கோல்விட்சர் என்பவரும் அவருடன் ஆய்ந்தவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதித்தர மாணவர்களைக் கேட்டுக் கொண்டனர். எங்கே, எப்பொழுது அமர்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக் கொண்டவர்களில் அதை உரிய காலத்தில் முடித்தவர் தொகை, அவ்வாறு குறியாதவர்களைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் சன்னலோர மேசையில் கணிதம் என்று எழுதி வைத்தால், மணி ஐந்தடிக்கும்போது மனத்தோடு வழக்காட வேண்டியதில்லை. கால் தானே நடக்கும்.

நூலகம் என்றேன். சென்னையில் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழியிற் பிறந்த எசு. ஆர். அரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகருக்கு விதித்த இவ்விதியை மாணவரும் மேற்கொள்ளலாம். வெறுமனே அமரச் செல்லாமல், இன்ன வினாவுக்கு விடை காண வேண்டும் என்று ஒரு சிறு சீட்டு எழுதிக் கொண்டு செல்லுதல் வேண்டும். கைப்பேசியை அவ்வேளையில் பைக்குள் அன்று, விடுதி அறையிலேயே வைத்துவிட்டுச் செல்லலாம். அதை எதிர்த்து மணிக்கு முப்பது முறை போராடுவதினும், ஒருமுறை விட்டு நீங்குவது எளிது.

பெற்றோருக்கும் ஒரு சொல். விடுதிக்குப் பேசும்போது, 'சாப்பிட்டாயா' என்று கேட்பது போலவே 'இந்த வாரம் எது விளங்கவில்லை' என்றும் கேளுங்கள். உங்களுக்கு அப்பாடம் தெரிய வேண்டியதில்லை. விளங்காததை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு வந்தாற் போதும். வீட்டிற் சொல்லப் பழகியவர் ஆசிரியரிடமும் சொல்வார்.

முதல் அகமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திருத்திய விடைத்தாளை மடித்துப் பைக்குள் ஒளித்து வைக்காமல், அதை எடுத்துக் கொண்டு அந்த வாரத்திலேயே ஆசிரியர் அறைக்குச் செல்லுதல் வேண்டும். எந்த வினாவில், எந்த வரியில் மதிப்பெண் போயிற்று என்று கேட்டால், பெரும்பாலான ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வர். 90 நாளில் அப்போது பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும்.